கரையேறிய படகின் கருவிகள்: குளிர்காலக் காப்பு குறித்து ஒரு பார்வை

ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் அக்டோபர் பிறந்தால் படகுக் கழகங்களில் கிரேன் வேலை தொடங்கிவிடும். பாய்மரப் படகுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து தூக்கி இரும்புத் தாங்குசட்டங்களில் உட்கார வைப்பார்கள். ஏப்ரல் கடைசி அல்லது மே வரை அவை அங்கேயே நிற்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் புளப்பர்ஸ் பார்க் கரைக்குக் குளிர்காலத்தில் போய்வந்த தமிழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஸ்டாக்ஹோமிலும் ஹெல்சிங்கியிலும் இதே வழக்கம்தான். எஞ்சினுக்குள் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டும், குடிநீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்பதில் படகுக்காரர்களுக்குள் சண்டை கிடையாது. கருவிகளை என்ன செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும்.

பத்து மீட்டர் நீளமுள்ள சாதாரணப் படகிலேயே ஆழமானி, வேகமானி, பாய்மர உச்சியில் காற்றுமானி, திசைகாட்டி, மின்வரைபடம் காட்டும் சார்ட்பிளாட்டர், தானியங்கிச் சுக்கான், வானொலி என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒரு சாரார். கடலுக்கென்றே செய்த பொருள் கரையில் நின்று கெடுமா என்று கேட்டுவிட்டு எதையும் தொடாமல் போகிறவர்கள் இன்னொரு சாரார். இரண்டு சாராரும் மனதில் வைத்திருப்பது குளிரைத்தான். அந்தக் குளிரைப் பற்றிய அச்சத்தில் பாதி வீண் என்பதும், அதில் பாதியையாவது ஈரத்தின் பக்கம் திருப்பினால் நல்லது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. எதைக் கழற்றுவது, எதை விடுவது என்பதைக் கருவியின் விலையை வைத்து முடிவு செய்வதைவிட, அதற்குள் தண்ணீர் எந்த வழியாக நுழையும் என்று பார்த்து முடிவு செய்வது மேல்.

குளிர் எவ்வளவு கெடுக்கும்?

கப்பல், படகுக் கருவிகளுக்கான பொதுச் சோதனைகளை வகுத்திருக்கும் சர்வதேசத் தரம் ஐஇசி 60945. வெளியே திறந்தவெளியில் பொருத்தும் கருவி மைனஸ் 25 டிகிரி செல்சியஸிலும், அறைக்குள் பொருத்துவது மைனஸ் 15 டிகிரியிலும் வேலை செய்ய வேண்டும் என்கிறது அது. கையில் எடுத்துச் செல்லும் வானொலி போன்றவை மைனஸ் 20இல் வேலை செய்ய வேண்டும், மைனஸ் 30இல் கிடந்துவிட்டு மீளவும் வேண்டும். கருவிக் கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் மைனஸ் 15, மைனஸ் 25 என்று அச்சாகும் எண்கள் பெரும்பாலும் இந்தத் தரத்தை ஒட்டி வந்தவை. அவை சோதிக்கப்பட்ட எல்லைகள். மைனஸ் 16இல் கருவி செத்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. கருவி இயங்கும்போது தாங்க வேண்டிய வெப்பநிலை வேறு, அணைந்து கிடக்கும்போது தாங்குவது வேறு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. குளிர்காலத்தில் படகில் எதுவும் இயங்குவதில்லை.

எல்லோரும் முதலில் பயப்படுவது திரைக்கு. எல்சிடி திரைக்குள் இருப்பது திரவப் படிகம். குளிரில் அது உறைந்து பாழாகிவிடும் என்பது வாதம். இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் உருவாக்கிய சயனோபைஃபீனைல் சேர்மங்கள்தான் நீடித்து உழைக்கும் திரைகளைச் சாத்தியமாக்கின. ஆனால் அவற்றில் புகழ்பெற்ற ஒன்று தனியாக இருந்தால் 20 சொச்சம் டிகிரியிலேயே கெட்டியாகிவிடும். நான்கு சேர்மங்களைக் கலந்து செய்த கலவை ஒன்றுதான் ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரி வரை திரவப் படிக நிலையில் நின்றது. இன்றைய கலவைகள் அதைவிட வெகுதூரம் கீழே போகும். அப்படியே கெட்டியானாலும், வெப்பம் ஏறும்போது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜனவரியில் படகைப் பார்க்கப் போகிறவர் திரையை இயக்கிப் பார்த்தால் எழுத்துகள் மெதுவாக ஊர்ந்து வரும், கறுத்துத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பதறி விரலால் அழுத்தாமல் இருந்தால் போதும்.

கடுங்குளிரில் கருவிகளோடு வாழ்ந்தவர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஆர்க்டிக் பயணி வில்லியம் எட்வர்ட் பாரியின் இரண்டு கப்பல்கள் 1819–20 குளிர்காலத்தை வட கனடாவின் மெல்வில் தீவில் கழித்தன. பாதரசமே உறைந்துபோகும் குளிர் அது. பாதரசம் உறைவது மைனஸ் 38.8 டிகிரியில். கோணமானித் தொலைநோக்கியின் உலோகக் கண்வில்லை முகத்தில் பட்டால் தீப்பட்டதுபோல எரிந்ததால், அதற்கு மெல்லிய தோலுறை போட்டுக்கொண்டார்கள். கருவிக்கு ஆனது அவ்வளவுதான். அவர்களை உண்மையில் அலைக்கழித்தது கப்பலுக்குள் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் கிளம்பிய நீராவி. அது பலகையிலும் படுக்கையிலும் படிந்து பனிக்கட்டியானது. பின்னாளில் துருவப் பயணி நான்சனுக்காகக் காலின் ஆர்ச்சர் கட்டிய ஃப்ராம் கப்பலின் சுவர்களுக்குள் கம்பளி, தக்கை, கலைமான் மயிர் என்று அடுக்கடுக்காகத் திணித்ததன் நோக்கங்களில் ஒன்று, உட்சுவரில் இந்த நீர் படியாமல் பார்ப்பது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம் படகுக் கொட்டகைப் பேச்சில் இன்னும் சரியாக ஏறவில்லை.

குளிரே நேரடியாகக் கெடுப்பது சிலவற்றைத்தான். மின்கம்பிகளின் உறை விறைத்துப்போகும்; அந்த நேரத்தில் வளைத்தால் வெடிப்பு விழும். பிளாஸ்டிக் கொக்கிகள் பட்டென்று உடையும். ஆகவே கழற்றுகிற வேலையை அக்டோபரிலேயே முடித்துவிட வேண்டும்; நினைவு வந்து ஜனவரியில் ஸ்க்ரூடிரைவரோடு போனால் உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். சுப்பீரியர் ஏரிக் கரையில் தண்டர் பே, டுலூத் போன்ற இடங்களிலும் பின்லாந்தின் வடக்கிலும் இரவுகள் மைனஸ் 30ஐத் தொடும். அங்கே தரம் சொல்லும் எல்லையே தாண்டிப்போவதால் திரைகளைக் கழற்றி எடுத்துப்போவதை யாரும் குறை சொல்ல முடியாது. டொராண்டோவுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது.

நீர் நுழையும் வழிகள்

கருவியின் பெட்டி நீர் புகாதபடி மூடப்பட்டதுதானே, ஈரம் எப்படி உள்ளே போகும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 டிகிரி வெப்பத்தில் மூடப்பட்ட பெட்டிக்குள் இருக்கும் காற்று, ஜனவரி இரவில் மைனஸ் 20க்கு இறங்கினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துவிடும். 1.4 மீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் அளவுக்குப் பெட்டி வெளியிலிருந்து உறிஞ்சுகிறது என்று பொருள். பெரும்பாலான கருவிகளின் நீர்க்காப்பைச் சொல்லும் ஐபிஎக்ஸ் 7 என்ற குறியீடு, ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கடித்துப் பார்க்கும் சோதனையைக் குறிக்கிறது. ஒரு குளிர்காலம் அதைவிடக் கடுமையான இழுப்பை அரைமணி அல்ல, வாரக்கணக்கில் கொடுக்கிறது. ஓரத்து ரப்பரில் மயிரிழை அளவு இடைவெளி இருந்து, அதன்மேல் பனி உருகிய நீர் ஒரு சொட்டு நின்றாலும் உள்ளே போய்விடும். பகலில் வெயில் பட்டுச் சூடாகும்போது காற்று வெளியே போகும், நீர் தங்கிவிடும். இரவில் மறுபடியும் உறிஞ்சும்.

இதைத் தெரிந்துதான் நல்ல தயாரிப்பாளர்கள் பெட்டியின் பின்புறம் சிறிய மூச்சுத்துளை ஒன்று வைக்கிறார்கள். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு அதன்மேல் ஒட்டியிருக்கும். அழுத்த வேறுபாடு தங்காததால் உறிஞ்சலும் இருக்காது. பாதுகாப்பு என்ற பெயரில் கருவியின் முதுகு முழுக்க கிரீஸ் பூசுகிறவர்களும் சிலிகான் பசை அப்புகிறவர்களும் அந்தத் துளையை அடைத்து, தயாரிப்பாளர் தவிர்த்த சிக்கலைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

மூடிய ஓரம் ஏன் இடைவெளி விடுகிறது என்பதற்கும் குளிருக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது சுற்றுவழித் தொடர்பு. 20 சென்டிமீட்டர் அகலப் பாலிகார்பனேட் சட்டம் 40 டிகிரி குளிர்ந்தால் அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகச் சுருங்கும். அதே அகலக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடச் சுருங்காது. நடுவில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் இழுபடுவது ஒட்டுப்பசை. புதிய கருவி இதைப் பல ஆண்டுகள் தாங்கும். பதினைந்து வயதான கருவியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படகுகளில் ஒன்றில் திரை மங்குவதும் இன்னொன்றில் மங்காததும் அதிர்ஷ்டமாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அது ரப்பரின் வயது.

நீர் நுழைவது மட்டும் போதாது; அது தங்கி அரிக்க வேண்டும். 1930களில் பிரிட்டனைச் சேர்ந்த வேதியியலாளர் வெர்னன், இரும்பு துருப்பிடிப்பது காற்றின் ஒப்பு ஈரப்பதத்தோடு சீராக ஏறுவதில்லை என்று காட்டினார். ஏறத்தாழ 60 சதவீதம் வரை மிகமிக மெதுவாக நடக்கும். அதைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். உப்பு இருந்தால் கதையே வேறு. சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர் விடுவதும் இதனால்தான். கனெக்டர் ஊசியில் படிந்த கடல் உப்பும் இதே வேலையைக் குளிர்காலம் முழுக்கச் செய்துகொண்டிருக்கும். ஆகவே படகைக் கரையேற்றிய அன்றே கருவிகளின் முகத்தையும் உறைகளையும் நன்னீரால் கழுவித் துடைப்பது, அதற்குப் பின் செய்யும் எந்த வேலையைவிடவும் பலன் தரும். உப்புநீர்க் கடற்கரைகளான மெய்ன், நோவா ஸ்கோஷியா போன்ற இடங்களுக்கு இது அவசியம். ஸ்டாக்ஹோம் பக்கத்து பால்டிக் நீரில் லிட்டருக்கு ஐந்தாறு கிராம் உப்புதான் என்றாலும் அங்கும் விலக்கு இல்லை. ஒன்டாரியோ ஏரிக்காரர்களுக்கு நன்னீர் என்பதால் இந்தக் கவலை குறைவு. கனடிய, அமெரிக்க ஏரிகளில் பழைய கருவிகள் நீண்டகாலம் பிழைத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றில் இருக்கும் நீரின் அளவையும் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் 17 கிராம் நீராவி தாங்கும். பூஜ்யத்தில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மைனஸ் 20இல் ஒரு கிராம் அளவே. அதாவது கடுங்குளிர் நாள்களில் காற்றில் கெடுதல் செய்யப் போதிய நீரே இல்லை. ஆபத்தான காலம் இரண்டு ஓரங்கள்: நவம்பரின் நனைந்த வாரங்களும் மார்ச் மாதமும். மார்ச்சில் வெயில் ஏறும். காற்று ஈரத்தோடு வரும். படகின் உலோகமும் கண்ணாடியும் மட்டும் இரவுக் குளிரைப் பிடித்துவைத்திருக்கும். காலை பத்து மணிக்கு அறைக்குள் போய்ப் பார்த்தால் எல்லாவற்றின் மேலும் நீர் வழிந்துகொண்டிருக்கும். படகுக்காரர்கள் ஜனவரியில் கவலைப்பட்டு மார்ச்சில் அலட்சியமாக இருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோவதன் விலை

எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோகும் பழக்கத்தைக் கண்மூடி நல்லது என்று சொல்லிவிட முடியாது. 21 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள வீட்டுக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 7 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் அதன்மேல் நீர் படியும். மைனஸ் 5இல் இருந்த சார்ட்பிளாட்டரைக் காரில் வைத்து நேராகச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தால் கனெக்டர் குழிக்குள்ளும் நீர் கோக்கும். படகிலேயே, அந்தக் குளிர்ந்த வறண்ட காற்றிலேயே, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டிவிட வேண்டும். வீட்டில் ஓர் இரவு அப்படியே வைத்து, வெப்பம் சமமான பிறகே பிரிக்க வேண்டும். கேமராக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த முறை இது.

இரண்டாவது விலை கனெக்டர்களுக்கு. இன்றைய கருவிகள் பெரும்பாலும் என்எம்இஏ 2000 என்ற முறையில் ஒரே முதுகெலும்புக் கம்பியில் தொங்குகின்றன. அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. ஒரு திரையை அதன் கிளைக்கம்பியிலிருந்து கழற்றினால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இணைப்புத் துண்டையே பிடுங்கினால் மொத்த வலையும் படுத்துவிடும். ஐந்தே ஐந்து மெல்லிய ஊசிகள் கொண்ட இந்தக் கனெக்டரை ஆண்டுக்கு இரண்டு முறை, அதுவும் விரல் மரத்துப்போன குளிரில், கோணலாகச் செருகினால் ஊசி வளையும். வசந்தத்தில் வரும் பழுதுகளில் கணிசமானவை குளிரில் பிறந்தவை அல்ல, கழற்றி மாட்டியதில் பிறந்தவை. கழற்றுவதானால் ஒவ்வொரு கம்பிக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி, கைபேசியில் படம் எடுத்து, திறந்த முனைகளுக்கு மூடி போட்டுவிட வேண்டும். மூடி தொலைந்திருந்தால் பிளாஸ்டிக் சுற்றி, முனை கீழ்நோக்கித் தொங்கும்படி கட்டினாலும் போதும்.

ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரே விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டபிள்யூடி-40 என்ற பெயரிலேயே நீரை விலக்கும் நாற்பதாவது முயற்சி என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. 1953இல் சான் டியேகோவில் பிறந்து, அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைத் துருவிலிருந்து காத்தது. உலோகத்துக்கு நல்லதுதான். திரையின் கண்கூச்சம் தடுக்கும் பூச்சுக்கும் சிலவகைப் பிளாஸ்டிக்குக்கும் கரைப்பான் கலந்த எதுவும் ஆகாது. திரைக்கு நன்னீரும் மெல்லிய துணியும். கனெக்டருக்குச் சிலிகான் கிரீஸ் துளி. அந்தக் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஊசிகள் தொடும் இடத்தில் அழுத்தத்தால் விலகிக்கொண்டு, சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பி நீரைத் தடுப்பதே அதன் வேலை. அள்ளிப் பூசுவதால் கூடுதல் பலன் இல்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் சார்ட்பிளாட்டரைக் கழற்றி எடுத்துப்போவதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது: திருடர்கள். ஆள் நடமாட்டமற்ற கொட்டகையில் ஆறுமாதம் நிற்கும் படகு அவர்களுக்கு வசதி. எலிகளும் உண்டு, அவை திரையை விட்டுவிட்டுக் கம்பியைக் கடிக்கும், அதைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

எதைக் கழற்றலாம்

கட்டாயம் கழற்ற வேண்டியவற்றில் முதலிடம் வேகமானியின் துடுப்புச் சக்கரத்துக்கு. படகின் அடிப்பகுதியில் ஒரு துளை; அதில் ஒரு குழாய்; குழாய்க்குள் செருகிய உருளையின் நுனியில் விரல்நுனி அளவுச் சக்கரம். நீரோட்டத்தில் அது சுழல்வதை எண்ணித்தான் வேகம் தெரிகிறது. படகைத் தூக்கியதும் நீர் வடிந்துவிட்டது என்று நினைப்போம். உருளைக்கும் குழாய்க்கும் இடையே, ஓ-ரிங்குகளுக்கு நடுவே நீர் தங்கியிருக்கும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பிளாஸ்டிக் குழாயை விரிசல் விடச் செய்ய அது தாராளம். அந்த விரிசல் வசந்தத்தில் படகு தண்ணீரில் இறங்கிய பிறகே தன்னைக் காட்டும்; படகு மூழ்கும் அளவுக்குக்கூடப் போகலாம். உருளையை வெளியே எடுத்து, சக்கரத்தில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் மிதமான சோப்புநீரில் கழுவி, ஓ-ரிங்கைத் தடவிப் பார்த்து, சிலிகான் மசகு தடவி வீட்டில் வைத்துவிடலாம். படகு கரையில் இருப்பதால் துளையைத் திறந்தே விடலாம். எலிக்கு மட்டும் ஒரு வலைத்துண்டு. கூடவே ஒரு சொல்: பாசித் தடுப்பு வண்ணம் பூசுகிறவர்கள் இந்த உணரிகளுக்கு நீர் அடிப்படையிலான வண்ணத்தையே பயன்படுத்த வேண்டும். கீட்டோன் வகைக் கரைப்பான் கலந்த வண்ணம் பிளாஸ்டிக்கை அரித்துவிடும் என்று உணரி செய்யும் ஏர்மார் நிறுவனமே எச்சரிக்கிறது.

படகு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டி, ஓட்டை ஊடுருவியே ஒலி அனுப்பும் ஆழமானிகளும் உண்டு. இவற்றின் அடியில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதில் நச்சற்ற புரோப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டும் என்பது விதி. கோடையில் அளவு குறைந்தபோது யாரோ குழாய்நீரை ஊற்றி நிரப்பியிருப்பார்கள். குளிர்காலத்தில் அது உறைந்து உணரியைக் கீறும். படகு முழுக்கச் சோதிக்கிற ஆள்கூட மறக்கிற இடம் இது. துளை வழியாக வெளியே முகம் காட்டும் ஆழமானியைக் கழற்ற வேண்டியதில்லை. தூக்குபட்டையும் தாங்குசட்டத்தின் தலையணையும் அதன்மேல் அமராமல் பார்த்தால் போதும்.

பாய்மர உச்சியின் காற்றுமானிக்கு வேறு தர்க்கம். இன்று எங்கும் காணப்படும் மூன்று கிண்ண வடிவத்தை 1926இல் உருவாக்கியவர் டொராண்டோவில் வேலை பார்த்த வானிலையியலாளர் ஜான் பாட்டர்சன். கனடாக் குளிரைத் தெரிந்தவரின் வடிவம் அது. பாய்மரம் நட்டபடியே நின்றால் மானியை அங்கேயே விடலாம். பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்தால் முதல் வேலையாகக் கழற்ற வேண்டும். குளிருக்காக அல்ல, குனிந்து போகிறவர்களின் தோளும் ஏணியும் இடித்து முறிப்பதால். கழற்றிய இடத்தில் உச்சிக் கனெக்டரை மூடாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. சூரிய ஒளியில் தானே மின்னேற்றிக்கொள்ளும் கம்பியில்லா மானிகளை இருட்டு அலமாரியில் ஆறுமாதம் பூட்டினால் உள்ளிருக்கும் சிறு பேட்டரி அடிமட்டம் வரை வற்றிப்போகும். ஜன்னலோரம் வைக்க வேண்டும்.

திசைகாட்டிக்குள் இருப்பது தண்ணீர் அல்ல. இக்காலத்துப் படகுத் திசைகாட்டிகளில் பெரும்பாலும் கனிம எண்ணெய் வகைத் திரவமும், பழையவற்றில் ஆல்கஹாலும் நீரும் கலந்த திரவமும் இருக்கும். குளிரில் திரவம் சுருங்கும். அதை ஈடுகட்ட அடியில் ஒரு சவ்வு உண்டு. கடுங்குளிரில் ஒரு சிறு குமிழ் தோன்றி, வெப்பம் ஏறியதும் மறைந்தால் கவலை இல்லை. வசந்தத்திலும் குமிழ் நின்றால் சவ்வோ ரப்பரோ போய்விட்டது. கையில் கிடைத்த திரவத்தை ஊற்றி நிரப்பும் ஆசையை அடக்க வேண்டும். தவறான கலவை வட்டின் வண்ணத்தையே கரைத்துவிடும். மற்றபடி திசைகாட்டிக்கு வெயில்தான் பகை. ஒரு துணி மூடி போதும்.

தானியங்கிச் சுக்கான்களில், சுக்கான் பிடியோடு மாட்டும் சிறிய வகையின் தண்டு வழியாக நீர் எளிதாக உள்ளே போகும். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், தயக்கமே வேண்டாம். காற்றழுத்தமானியும் அப்படியே, இரண்டு திருகாணிதான், வீட்டுச் சுவரில் குளிர்காலப் புயல்களைக் காட்டிக்கொண்டிருக்கும். 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துக்காலச் சமிக்ஞைக் கருவியும் படகில் கிடக்கக் கூடாது: நீர் பட்டால் தானே அலறும் வகை அது, தேடுதல் படையை வெற்றுக் கொட்டகைக்கு வரவழைத்துவிடும். நிலையான வானொலி, ராடார் கூண்டு, ஜிபிஎஸ் ஆன்டெனா எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பேட்டரியும் போர்வையும்

குளிரைப் பற்றிய பயம் எவ்வளவு பிசகானது என்பதற்கு ஈயப் பேட்டரி நல்ல சான்று. முழுக்க மின்னேறிய பேட்டரியின் அமிலம் உறைய மைனஸ் 55க்கும் கீழே போக வேண்டும். வற்றிய பேட்டரியின் அமிலமோ ஏறத்தாழ தண்ணீர். மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து ஓட்டை வெடிக்க வைக்கும். குளிரில் தானாக வற்றும் வேகமும் குறைவு. ஆகவே நிறைத்து, கம்பிகளை முழுவதும் துண்டித்து விட்ட பேட்டரிக்குக் குளிர்ந்த படகு நல்ல இடம். துண்டிக்காமல் விட்டால் வானொலியின் நினைவகமும் எரிவாயு உணரியும் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிடும். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு வேறு விதி: பூஜ்யத்துக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது, ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். சூரியத் தகட்டை இணைத்தபடியே விட்டுப்போகும் பழைய பழக்கம் இங்கே தீங்கு. பாதி அளவு மின்னேற்றி, இணைப்பைப் பிரித்துவிட வேண்டும்.

இனி படகின் போர்வை. வெப்பமூட்டி இறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் உறை வட அமெரிக்காவில் எங்கும் பரவிவிட்டது. மழையையும் பனியையும் தடுப்பதில் அதற்கு ஈடில்லை. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாததிலும் ஈடில்லை. மார்ச் வெயிலில் அதற்குள் வெப்பம் ஏறும், இரவில் உறையும், அதாவது மேலே சொன்ன உறிஞ்சல் நாடகம் தினமும் அரங்கேறும். முன்னும் பின்னும் காற்றுத்துளைகள் வைக்காத உறை கருவிகளுக்குக் கேடு. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் சட்டம் கட்டி, தார்ப்பாய் போட்டு, இரண்டு முனையும் திறந்து விடுவார்கள். பார்க்க அழகில்லை, என் கணிப்பில் கருவிகளுக்கு அதுதான் நல்லது. வெப்பமூட்டாத கொட்டகை இன்னும் நல்லது, அங்கே வெப்பநிலை மெதுவாகவே மாறும்.

ஈரம் உறிஞ்சிகளில் கால்சியம் குளோரைடு தொட்டி மலிவு. ஆனால் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் அரிப்பு நிச்சயம். மூடிய சிறு பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை வைப்பது பாதுகாப்பு. மின்விசைக் கம்பிரஸர் வகை ஈரநீக்கி 5 டிகிரிக்குக் கீழே உறைந்து திணறும். சிறு சூடேற்றி போடலாமா? பூஜ்யத்தில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை வெறும் 5 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்பதால், கோட்பாட்டில் மிகச் சிறிய சூடு போதும். நடைமுறையில் ஆளில்லாத படகில் மின்சூடேற்றி தீ விபத்துக்கு வழி. பல கழகங்கள் அனுமதிப்பதும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை தன் கையிருப்புக் கப்பல்களைப் பல ஆண்டுகள் காத்தது சூடேற்றி அல்ல. உள்ளே காற்றை உலரவைத்துத்தான். பீரங்கிகளுக்குக்கூடக் கூண்டு போட்டு உலர்ந்த காற்றைச் செலுத்தினார்கள்.

வசந்தத்தில் கிரேன் வருவதற்கு முன் ஒருநாள், காற்று பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது, எல்லாவற்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். திரைக்குள் மங்கல் தெரிந்தால் பின்னொளியை முழுவதும் ஏற்றிச் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் காயும். பலநாள் கழித்தும் காயாவிட்டால் ஓரம் போய்விட்டது. ஜிபிஎஸ் உடனே இடம் காட்டாது. செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை ஒருமுறை வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். அதைத் தெரியாமல் இரண்டு நிமிடத்தில் அணைத்து, மறுபடி போட்டு, பழுது என்று கடைக்கு எடுத்துப்போகிறவர்கள் உண்டு. 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸின் 1024 வார எண்ணிக்கை சுழன்று மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அந்த வசந்தத்தில் பழைய கருவிகள் சில பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டின. அதற்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை.

துடுப்புச் சக்கரத்தை ஒருவர் கீழேயிருந்து விரலால் சுழற்ற, இன்னொருவர் மேலே திரையில் எண் நகர்கிறதா என்று பார்க்கலாம். ஆழமானி மட்டும் காற்றில் எதுவும் காட்டாது, கோடுகள்தான் வரும். ஆகவே கிரேன் ஓட்டுநரிடம் இரண்டு நிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது: படகு தண்ணீரைத் தொட்டதும், பட்டைகளை அவிழ்க்கும் முன்னே, உள்ளே இறங்கி உருளையைச் சுற்றி நீர் கசிகிறதா, ஆழம் காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். கசிந்தால் படகு இன்னும் பட்டையில்தான் தொங்குகிறது. மறுபடி தூக்கச் சொல்லலாம்.